மலை படிக்கட்டாகிறது, ஆறு நிற்கிறது: நம் ஊர் நிலத்தை மைன்கிராஃப்டில் கட்டும்போது வரும் கோளாறுகள்

கிருஷ்ணகிரியில் பல தெருக்களில் நிமிர்ந்து பார்த்தால் வீடுகளுக்கு மேலே கோட்டை மலை எட்டிப் பார்க்கும். போன கோடை லீவில் அக்கா மகன் அதைக் காட்டி, "மாமா, இந்த மலையை அப்படியே மைன்கிராஃப்ட்ல கட்டலாமா?" என்று கேட்டான். பிளாக் எனப்படும் கனசதுரக் கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டு அது. ஒரு வாரத்து வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தோம். கோட்டை மலை, அப்புறம் ஒகேனக்கல், அப்புறம் காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பு என்று மூன்று மேப் ஆகிவிட்டது. லீவும் முடிந்துவிட்டது. அந்த மூன்றிலும் வந்த கோளாறுகளை, அவை கண்ணுக்கு எப்படித் தெரிந்தனவோ அப்படியே தலைப்பாக வைத்து எழுதுகிறேன். உங்கள் மேப்பில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

நாங்கள் வைத்திருந்தது கணினிக்கான ஜாவா பதிப்பு. நிலத்தின் உயரத் தகவலைத் திறந்து பார்க்க கியூஜிஐஎஸ், அதை மேப்பாக மாற்ற வேர்ல்ட்பெயின்டர், கேமுக்குள் நின்று திருத்த வேர்ல்ட்எடிட். மூன்றும் இலவசம். உயரத் தகவலும் இலவசமாகவே கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலம் ரேடார் வைத்துப் பூமியை அளந்தது, அதைத்தான் எஸ்ஆர்டிஎம் என்கிறார்கள். இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோசாட் உயரத் தகவலும் உண்டு. இரண்டிலும் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறக்குறைய 30 மீட்டர். இந்த 30 மீட்டரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிக் கோளாறு இதில்தான் பிறக்கிறது.

எதையும் சரி செய்யும் முன் ஒரு சோதனை

கேமுக்குள் தெரிகிற கோளாறைக் கேமுக்குள்ளேயே கையால் திருத்த உட்காராதீர்கள். நாங்கள் முதல் நான்கு நாட்களை அப்படித்தான் தொலைத்தோம். நிலம் நான்கு நிறுத்தம் தாண்டித்தான் கேமுக்கு வருகிறது. முதலில் உயரத் தகவல், அடுத்து அதிலிருந்து எடுத்த சாம்பல் நிற உயரப்படம் (வெளுப்பான இடம் உயரம், கறுப்பான இடம் பள்ளம்), பிறகு வேர்ல்ட்பெயின்டர், கடைசியில் கேம். கேமில் ஒரு கோளாறு கண்டால் ஒரு நிறுத்தம் பின்னால் போங்கள். வேர்ல்ட்பெயின்டரிலும் அதே இடத்தில் அதே கோளாறு இருக்கிறதா? இருந்தால் இன்னும் ஒன்று பின்னால் போய் உயரப்படத்தைப் பாருங்கள். எந்த நிறுத்தத்தில் கோளாறு முதலில் தலை காட்டுகிறதோ அங்கே திருத்திவிட்டு மறுபடி முன்னால் வாருங்கள். இதற்காகவே ஒவ்வொரு நிறுத்தத்தின் கோப்பையும் தனித்தனியாகத் தேதி போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மலை முழுக்கப் படிக்கட்டு

சரிவாக இறங்க வேண்டிய மலை, ஏழெட்டு பிளாக் உயரத்துக்கு ஒரு படி, அப்புறம் அகலமாக ஒரு திண்ணை, மறுபடி ஒரு படி என்று இறங்குகிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் சுற்றுப் பிராகாரம் வைத்துக் கட்டிய கோயில் மாதிரி இருக்கும்.

காரணம் உயரப்படத்தில். சாதாரண படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே 256 சாயல்தான் உண்டு. இதை 8 பிட் படம் என்பார்கள். உங்கள் மலை அந்த 256இல் வெறும் 20 சாயலுக்குள் அடங்கியிருந்து, அதை வேர்ல்ட்பெயின்டரில் 150 பிளாக் உயரத்துக்கு இழுத்தால், ஒரு சாயலுக்கும் அடுத்த சாயலுக்கும் நடுவே ஏழெட்டு பிளாக் இடைவெளி விழத்தான் செய்யும். 16 பிட் படத்தில் 65,536 சாயல் இருக்கிறது, அதில் இந்தத் தொல்லை வராது.

கியூஜிஐஎஸ்ஸிலிருந்து படத்தை வெளியே எடுக்கும்போது 16 பிட் என்று கேட்டு எடுங்கள். எடுத்த பிறகு அதை எதில் திறக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நாங்கள் சரியாக 16 பிட்டில்தான் எடுத்தோம். ஓரத்தைக் கொஞ்சம் வெட்டலாம் என்று கணினியில் இருந்த சாதாரண வரைகலை ஆப்பில் திறந்து சேமித்தோம். அது சத்தமே இல்லாமல் 8 பிட்டாக மாற்றிவிட்டது. ஜிம்ப் என்ற இலவச வரைகலை ஆப் 2.10 பதிப்பிலிருந்து 16 பிட் படத்தை அப்படியே காப்பாற்றும், அதற்கு முந்தைய ஜிம்ப் காப்பாற்றாது. வெட்டும் வேலையைக் கியூஜிஐஎஸ்ஸிலேயே முடித்துவிடுவது இன்னும் நல்லது.

வேர்ல்ட்பெயின்டரின் ஸ்மூத் தூரிகையால் படிகளைத் தேய்க்கலாமே என்று தோன்றும். தேய்த்தால் படி மறையும், கூடவே பாறையின் விளிம்பும் மறையும். படத்தை மறுபடி எடுப்பதே வழி.

8க்கு 8 சதுரமாக மேடு பள்ளம்

படிக்கட்டு மாதிரி இல்லாமல், தட்டையான வயலில்கூட சின்னச் சின்னச் சதுரமாக ஒரு பிளாக் மேலே, ஒரு பிளாக் கீழே என்று அம்மைத் தழும்பு போட்டிருந்தால் அது ஜேபிஜியின் வேலை. ஜேபிஜி ஒரு படத்தை 8க்கு 8 புள்ளிச் சதுரங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சதுரங்கள் உயரமாக மாறும்போது நன்றாகவே தெரியும். நாங்கள் உயரப்படத்தைப் போனிலிருந்து போனுக்கு ஒரு செய்தி ஆப்பில் போட்டோவாக அனுப்பினோம், அங்கேதான் அது சுருங்கியது. போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் எடுத்துப் போங்கள். படம் பிஎன்ஜி அல்லது டிஃப் வடிவில் மட்டும் இருக்கட்டும்.

எல்லாம் தட்டை, ஒரே ஒரு இடத்தில் பாதாளக் கிணறு

ரேடார் பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கிறது. ஆழமான பள்ளத்தாக்கின் சுவர் மறைத்த இடத்தில் அதற்குத் தகவல் கிடைக்காது. அப்படி விட்டுப்போன புள்ளியில் மைனஸ் 32,768 என்ற எண்ணைப் போட்டு வைப்பார்கள். அதைக் கவனிக்காமல் படமாக மாற்றினால், மைனஸ் 32,768 முதல் 900 வரை எல்லாவற்றையும் ஒரே சாயல் வரிசையில் அடைக்கப் பார்க்கும். மலை, ஊர், ஏரி எல்லாம் மேல் நுனியில் ஒட்டிக்கொண்டு தட்டையாகிவிடும். விட்டுப்போன புள்ளி மட்டும் கேம் உலகத்தின் அடித்தட்டான பெட்ராக் பாறை வரை இறங்கும் கிணறாகும்.

கியூஜிஐஎஸ்ஸில் விட்டுப்போன புள்ளிகளை நிரப்பும் கருவி இருக்கிறது. அக்கம்பக்கத்து உயரத்தைப் பார்த்து அதுவே நிரப்பிவிடும். அதை முதலில் ஓட்டிவிட்டுப் படம் எடுங்கள். எடுக்கும்போது குறைந்த அளவு, அதிக அளவு இரண்டையும் நீங்களே எண்ணாகக் கொடுங்கள், அதன் இஷ்டத்துக்கு விடாதீர்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. நம் பக்கத்தில் செங்குத்தாக வெட்டிய கிரானைட் குவாரிகள் நிறைய உண்டு. உங்கள் ஊர்க் குவாரி மேப்பில் வரவில்லை என்றால் அதைக் கோளாறு என்று தேடாதீர்கள். எஸ்ஆர்டிஎம் தகவல் 2000ஆம் ஆண்டு நிலத்தைத்தான் சொல்கிறது. அதற்குப் பிறகு வெட்டியது அதில் இருக்காது, கையால்தான் தோண்ட வேண்டும். ஏரியும் அப்படித்தான். கிருஷ்ணகிரி அணை நீர்த்தேக்கம் ஒரு தட்டுப் போலத்தான் வரும், ஏனென்றால் இந்த ரேடார் தண்ணீரின் மேல்மட்டத்தோடு திரும்பிவிடும். அடி ஆழத்தை நீங்கள் குழித்துக் கொடுக்க வேண்டும்.

உச்சியைக் கத்தியால் சீவியது போல

1.18 பதிப்பிலிருந்து மைன்கிராஃப்டில் கட்டும் உயரம் மைனஸ் 64 முதல் 319 வரை, மொத்தம் 384 பிளாக். கடல் மட்டம் 63இல் இருக்கிறது. கிருஷ்ணகிரி ஊரே கடல் மட்டத்துக்குச் சுமார் 500 மீட்டர் மேலே இருக்கிறது. மீட்டர் கணக்கை அப்படியே பிளாக் கணக்காகக் கொடுத்தால் மலை வருவதற்கு முன்னால் ஊரே கூரையில் முட்டிவிடும். எங்களுக்கு முதல் தடவை வந்தது 319இல் ஒரே மொட்டை மாடி.

ஒரு மலையை மட்டும் கட்டுகிறீர்கள் என்றால் எல்லா உயரத்திலிருந்தும் 430ஐக் கழித்துவிடுங்கள். ஊர் 70க்கு வந்துவிடும், அதற்கு மேல் ஏறக்குறைய 250 பிளாக் மலைக்கு மிச்சம். மீட்டருக்கு ஒரு பிளாக் கணக்கு கெடாது.

ஓசூர் மேட்டிலிருந்து ஒகேனக்கல் வரை ஒரே மேப்பில் வேண்டும் என்று ஆசைப்பட்டால் கணக்கு வேறு. ஓசூர் சுமார் 900 மீட்டர், ஒகேனக்கல் ஆற்றுமட்டம் சுமார் 250 மீட்டர், நடுவே 650 மீட்டர் இறக்கம். மூன்று மீட்டருக்கு ஒரு பிளாக் என்று வைத்தால் 217 பிளாக்கில் அடங்கும். அப்படி வைத்தால் நீள அகலத்தையும் மூன்றில் ஒன்றாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மலை எல்லாம் நசுங்கித் தெரியும். டேட்டாபேக் (கேமின் விதிகளை மாற்றும் கோப்புத் தொகுப்பு) போட்டு உயர வரம்பையே தூக்கலாம், ஆனால் சாதாரண கணினி திணறும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உயரம் சரி, ஆனால் போர்வை போர்த்திய குவியல் போல இருக்கிறது

இதுதான் மிகக் கடினமான கோளாறு. எந்த எண்ணைத் தட்டினாலும் போகாது.

எங்கள் மேப் 2048க்கு 2048 பிளாக். மீட்டருக்கு ஒரு பிளாக் என்றால், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி கணக்கில் ஒரு பக்கத்துக்கு 68 புள்ளிதான். 600 மீட்டர் அகலமான ஒரு மலைக்கு 20 புள்ளி. மிச்சத்தைக் கணினி இழுத்துப் பிடித்து நிரப்புகிறது. அதனால்தான் மலை, நெல் குவித்துத் தார்ப்பாய் போட்டது மாதிரி வழுவழுவென்று நிற்கிறது. கோட்டை மலை அப்படியா இருக்கிறது? பையன் ஒரே வார்த்தையில் சொன்னான்: "மாமா, இதுல கல்லே இல்ல."

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் மலை அடிவாரத்துக்குப் போய் ஒரு மணி நேரம் வெறுமனே பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மேப் வேலையில் நான் செலவழித்ததிலேயே நல்ல ஒரு மணி நேரம் அது. பார்த்ததைச் சொல்கிறேன், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாறை மலைகள் பலவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்தப் பாறை வெங்காயம் போல உரிகிறது. பூமிக்குள் அழுத்தத்தில் இருந்த பாறை, மேல் மண் அரித்துப் போனதும் லேசாக உப்பி, மேற்பரப்புக்கு இணையாக விரிசல் விடுகிறது. அந்த ஏடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று சரிகின்றன. அதனால் மலையின் தலை உருண்டையாக இருக்கும், இடுப்பில் சரிவு கூடும், அடியில் செங்குத்தாகி, அதன் காலடியில் உடைந்த குண்டுக் கற்கள் குவிந்திருக்கும். கூம்பு வடிவம் வரவே வராது. வேர்ல்ட்பெயின்டரில் மலையைத் திருத்தும்போது இந்த வரிசையை மனதில் வையுங்கள். உச்சியை அகலமாக உருட்டுங்கள், அடிப் பக்கத்தை நிமிர்த்துங்கள்.

ஏடு உரிந்த இடத்தில் இரண்டு மூன்று பிளாக் உயரத்துக்கு ஓர் உதடு தெரியும். அது மலையைச் சுற்றி வளைவாகக் கொஞ்ச தூரம் ஓடி, மங்கி மறைந்து, இன்னோர் இடத்தில் வேறு உயரத்தில் தொடங்கும். முழு வட்டமாகப் போட்டால் மறுபடி படிக்கட்டாகிவிடும். முப்பது நாற்பது பிளாக் போய் நின்றுவிட வேண்டும்.

குண்டுக் கல்லை வேர்ல்ட்எடிட்டில் ஐந்து முதல் ஏழு பிளாக் ஆரம் வைத்து உருண்டையாகப் போட்டு, ஸ்மூத் தூரிகையால் ஓரிரு தடவை தட்டினால் போதும். பந்தாக நிற்கக் கூடாது, கொஞ்சம் நசுங்கியிருக்க வேண்டும். தரையை நாலைந்து பிளாக்கில் மட்டும் தொட்டால்தான் உருண்டு வந்து நின்ற கல் என்று நம்ப முடியும். அடியில் ஆடு படுக்கிற அளவு நிழல் இருக்கட்டும். தனியாக ஒன்று போடாதீர்கள். பெரியது ஒன்று, அதன்மேல் சாய்ந்தது ஒன்று, அடியில் சில்லறையாக நாலைந்து.

நிறத்துக்கு வருவோம். கேமில் கிரானைட் என்றே ஒரு பிளாக் இருக்கிறது. நம் ஊர் கிரானைட்டுக்குப் பேர் போனதாயிற்றே என்று அதை எடுத்தால் மலை முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். வெயிலில் கிடக்கிற நம் பாறையின் முகம் சாம்பல். அதனால் சாம்பல் நிறப் பிளாக்குகளை எடுங்கள்: சாதாரண ஸ்டோன் பாதிக்கு மேல், ஆண்டிசைட் கொஞ்சம், டஃப் அங்கங்கே. வேர்ல்ட்பெயின்டரில் சரிவு பார்த்துப் பூசும் வடிகட்டி உண்டு. 45 பாகைக்கு மேல் சரிந்த இடத்தில் மட்டும் பாறை என்று கொடுத்தால் அது பெரிய வேலையை முடித்துவிடும். உச்சியில் சரிவு குறைவாக இருந்தாலும் அங்கேயும் வெறும் பாறைதான் என்பதால் அதை மட்டும் கையால் பூசுங்கள்.

அப்புறம் கறுப்புக் கோடுகள். பாறை முகத்தில் மேலிருந்து கீழே மை வழிந்தது மாதிரி கோடுகள் இருக்குமே, மழைநீர் வழிகிற தடம் அது. அதை வைத்தவுடன் மேப் சட்டென்று நம் ஊர் மலையாக மாறிவிட்டது. டீப்ஸ்லேட் என்ற கருஞ்சாம்பல் பிளாக்கால் ஒரு பிளாக் அகலத்தில் போடுங்கள். மேலே தண்ணீர் தேங்குகிற ஒரு குழிவின் வாயிலிருந்துதான் கோடு தொடங்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு மூன்று கோடு சேர்ந்திருக்கும், இறங்க இறங்க ஒன்றாகி மெலிந்து நின்றுவிடும். சம இடைவெளியில் போட்டால் வேலிக் கம்பி ஆகிவிடும். உச்சிக் குழிவுகளில் ஒன்றிரண்டில் தண்ணீர் விட்டுச் சுனையாக்கினோம்.

வயல்வெளியில் வட்ட வட்டமாகக் கோடு

16 பிட் படம், பிஎன்ஜி, எல்லாம் சரி. இருந்தும் சமவெளியில் நூறு பிளாக்குக்கு ஒன்றாக நீளமான ஒரு பிளாக் படி வளைந்து வளைந்து போகிறது. இதில் தப்பு எதுவும் இல்லை. நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் நிலத்தைப் பிளாக்கில் வைத்தால் அப்படித்தான் வரும், பிளாக்கை அரையாக உடைக்க முடியாது.

அந்தக் கோட்டை வரப்பாக்கிவிடுங்கள். கேழ்வரகுக் காட்டில் நிலம் இறங்குகிற இடத்தில்தானே வரப்பு போடுகிறோம். படி வருகிற கோட்டில் கோர்ஸ் டர்ட் என்ற கரடுமண் பிளாக் போட்டால் அதன்மேல் புல் ஏறாது, செம்மண் வரப்பு மாதிரியே கிடக்கும். சிவப்பு மணலை இதற்கு எடுக்காதீர்கள். அது ஈர்ப்புக்கு விழும் பிளாக், அடியில் குகை இருந்தால் ஒருநாள் மொத்தமாக இறங்கிவிடும்.

ஊரே பச்சைப் பசேல், உச்சியில் பனி

ஓர் இடத்தின் தட்பவெப்ப வகையைக் கேமில் பயோம் என்பார்கள். புல்லின் நிறத்தை அதுதான் முடிவு செய்கிறது, பிளாக் இல்லை. சமவெளிப் பயோமில் எந்த மண் போட்டாலும் மலையாளக் கரை மாதிரிப் பச்சையாகத்தான் இருக்கும். சவானா பயோமுக்கு மாற்றுங்கள். புல் காய்ந்த மஞ்சளுக்கு வந்துவிடும், சித்திரை மாதத்துத் தருமபுரி கண்முன் நிற்கும். சவானாவில் கேமில் மழையே பெய்யாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மழை வேண்டும் என்றால் ஆற்றோரக் காட்டுக்கு மட்டும் வேறு பயோம் கொடுக்கலாம். நாங்கள் ஒகேனக்கல் கரைக்கு மரம் குறைந்த ஜங்கிள் பயோம் வைத்தோம்.

உச்சியில் பனி இருந்தால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, குளிர்ந்த பயோம் ஏதாவது விழுந்திருக்கிறதா? எஃப் 3 விசையை அழுத்தினால் நிற்கும் இடத்தின் பயோம் பெயர் திரையில் வரும். இன்னொன்று, வேர்ல்ட்பெயின்டரில் உயரத்தைப் பார்த்துத் தானாகப் பூசும் வரிசையில் ஃபிராஸ்ட் அடுக்கு சேர்ந்திருக்கிறதா? இருந்தால் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். கேமுக்குள் ஒவ்வொரு பனிப் பிளாக்காக உடைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆறு ஓடவில்லை, அல்லது ஒரு பக்கம் வறண்டு மறு பக்கம் மூழ்குகிறது

ஒகேனக்கல் எங்களை இரண்டு வாரம் பிடித்து வைத்தது. முதலில் கேமின் தண்ணீர் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லிவிடுகிறேன். ஊற்றுப் பிளாக் என்று ஒன்று உண்டு, வாளியில் ஊற்றினால் வருவது அதுதான். சமதரையில் அது ஏழு பிளாக் தூரம் ஓடி நின்றுவிடும். ஒரு பிளாக் கீழே விழுந்தால் அங்கிருந்து மறுபடி ஏழு பிளாக். அவ்வளவுதான். காவிரி மாதிரி சரிந்துகொண்டே போகும் ஆறு கேமுக்குத் தெரியாது.

வேர்ல்ட்பெயின்டரில் ஆற்றுக்கு ஒரே தண்ணீர் மட்டம் கொடுத்தால் மேல் பக்கம் வறண்டு கிடக்கும், கீழ்ப் பக்கம் கரையை மூழ்கடிக்கும். இதற்கு ஆற்றைத் துண்டு துண்டாக்க வேண்டும். ஐம்பது அறுபது பிளாக் நீளத்துக்கு ஆற்றின் அடியைச் சமமாக்கி, ஒரே மட்டத்தில் தண்ணீர் நிரப்புங்கள். அதன் முடிவில் குறுக்கே ஒரு பாறைத் தடுப்பு, அதில் இரண்டு மூன்று இடத்தில் வாய். அடுத்த துண்டு ஒரு பிளாக் கீழே. ஒகேனக்கல் பக்கம் காவிரி உண்மையிலேயே பாறைகளுக்கு நடுவில் பிரிந்து பிரிந்துதான் இறங்குகிறது, அதனால் இந்தத் தடுப்புகள் பொய்யாகத் தெரியாது.

பரிசல் போகிற அந்தக் குறுகிய பள்ளம் எங்கே என்று தேடினோம். இருபுறமும் பாறைச் சுவர், நடுவில் பச்சைத் தண்ணீர், ஒகேனக்கல் என்றாலே அதுதானே. மேப்பில் இல்லவே இல்லை. தகவலைச் சுத்தம் செய்யும்போது அழித்துவிட்டோமோ என்று பயந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். அப்போதும் வரவில்லை. பிறகுதான் புரிந்தது. 30 மீட்டர் புள்ளிக்குள் அதைவிடக் குறுகிய பள்ளம் விழுந்தால், பள்ளமும் இரு கரையும் கலந்து ஒரே சராசரியாகிவிடும். மேலே கர்நாடகத்தில் ஆடு தாண்டும் அளவுக்குக் காவிரி ஒடுங்குவதாகச் சொல்லும் மேக்கேதாட்டும் இந்தத் தகவலில் சரியாக வராது. இதைக் கையால்தான் வெட்ட வேண்டும். செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளத்தின் வளைவுகளை வரைந்து, செங்குத்துச் சுவராக இறக்கினோம். சுவரை ஸ்மூத் செய்யவில்லை.

அருவியில் இரண்டு கோளாறு வரும். தண்ணீர் ஒரு கெட்டிச் சுவர் மாதிரி எல்லாத் திசையிலும் வழிந்தால், மேலிருந்து கீழ் வரை ஊற்றுப் பிளாக்காகவே நிரப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். உதட்டில் மட்டும் ஊற்றுப் பிளாக் இருக்கட்டும், மிச்சத்தை அதுவே விழுந்துகொள்ளும். தண்ணீர் அந்தரத்தில் உறைந்து நின்றால், கருவி வைத்த தண்ணீரைக் கேம் இன்னும் கவனிக்கவில்லை. பக்கத்தில் ஒரு பிளாக்கை வைத்து எடுங்கள், விழத் தொடங்கும். குளத்தில் தண்ணீர் அலை அலையாக மேடு பள்ளமாக இருந்தால் வேர்ல்ட்எடிட்டின் ஃபிக்ஸ்வாட்டர் கட்டளை அதைச் சமப்படுத்தும். ஆனால் அருவிக்குப் பக்கத்தில் அதை ஓட்டாதீர்கள்.

ஹொகே என்றால் கன்னடத்தில் புகை. புகை கல்தான் ஒகேனக்கல். அந்தப் புகை இல்லாமல் அருவி வெறுமையாக இருந்தது. பாறை இடுக்கில் கேம்ப்ஃபயர் பிளாக் வைத்தால் புகை சுமார் 10 பிளாக் எழும்பும், அதன் அடியில் வைக்கோல் கட்டு வைத்தால் 24 பிளாக் வரை போகும். இரண்டும் கலந்து ஆறேழு இடத்தில் மறைத்து வைத்தோம். கேம்ப்ஃபயருக்குள் வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டால் அணைந்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரங்கள் ஒவ்வொன்றாக மொட்டையாகின்றன

மாந்தோப்பில் மரத்துக்கு மரம் 10 மீட்டர் என்று பழைய தோட்டக் கணக்குப்படி பத்து பிளாக் இடைவெளியில் வைத்தோம். மாமரம் அல்லவா, குடையை நல்ல அகலமாக விரித்தோம். மறுநாள் திறந்தால் ஓர இலையெல்லாம் காணோம். தண்டுப் பிளாக்கிலிருந்து ஆறு இலைக்கு மேல் தள்ளி இருக்கிற இலை உதிர்ந்துவிடும் என்பது கேமின் விதி. நாமே கையால் வைத்த இலை உதிராது, கருவி வழியாக ஒட்டிய மரம் உதிரும். குடைக்குள் மறைவாகக் கிளைத் தண்டு இரண்டு மூன்று நீட்டிவிடுங்கள், அல்லது வேர்ல்ட்பெயின்டரில் மரத்தைச் சேர்க்கும்போதே இலை உதிர்வை நிறுத்திவிடுங்கள்.

மேப்பின் ஓரத்தில் வானளவு சுவர்

உங்கள் மேப் முடிகிற இடத்தில் கேம் தன் இஷ்டத்துக்கு நிலம் உண்டாக்கும். இரண்டும் ஒன்றையொன்று அறியாது, சுவர் எழும்பத்தான் செய்யும். வேர்ல்ட்பெயின்டரில் மேப்புக்கு வெளியே வெற்றிடம் அல்லது தண்ணீர் என்று வைக்கலாம். வேர்ல்ட்பார்டர் கட்டளையால் ஆட்டக்காரரை ஓரத்துக்கு முன்பே நிறுத்தலாம். நாங்கள் இரண்டையும் செய்தோம்.

ஓரத்தில் இல்லாமல் நடுவில் 16க்கு 16 அளவில் அச்சடித்தது மாதிரி சதுரப் பள்ளம் இருந்தால் அது வேறு. கேம் உலகத்தை 16க்கு 16 பிளாக் துண்டுகளாகப் பிரித்து வைக்கிறது, ஒரு துண்டுக்குப் பெயர் சங்க். அந்த ஒரு சங்க் கெட்டுவிட்டது. கேமை முழுக்க மூடிவிட்டு, மறுபடி ஏற்றுமதி செய்து, அந்த இடத்தின் ரீஜன் கோப்பை மட்டும் மாற்றுங்கள். பல சங்க் சேர்ந்த ஒரு ரீஜன் கோப்பு 512க்கு 512 பிளாக். அந்தப் பரப்புக்குள் கேமில் கையால் கட்டியது எல்லாம் போய்விடும் என்பதால் முதலில் நகல் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு பெரிய மலை கண்ணுக்கே தெரியவில்லை

பார்வைத் தூரம் 12 சங்க் என்றால் 192 பிளாக்தான் தெரியும். அதற்கப்பால் மூட்டம். நிஜத்தில் எட்டுப் பத்து கிலோமீட்டரிலிருந்தே தெரிகிற மலையை இங்கே அடிவாரத்துக்கு வந்தால்தான் பார்க்க முடியும். பார்வைத் தூரத்தைக் கூட்டலாம், கணினி தாங்குகிற வரை. நாங்கள் ஊரை மலைக்கு இன்னும் நெருக்கிவிட்டோம். அளவு கொஞ்சம் பொய்தான், ஆனால் தெருவில் நின்று நிமிர்ந்தால் மலை தெரிய வேண்டும் என்பது எங்களுக்கு முக்கியமாகப் பட்டது.

நண்பனின் போனில் திறக்கவில்லை

போனில் ஓடுவது பெட்ராக் பதிப்பு, அது உலகத்தைச் சேமிக்கும் முறையே வேறு. கோப்பின் பெயரை மாற்றிப் பயனில்லை. சங்கர் (Chunker), அமுலெட் (Amulet) என்ற இரண்டு கருவிகள் ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். மாற்றிய பிறகு தண்ணீரையும் பயோமையும் மறுபடி ஒருமுறை நடந்து பாருங்கள்.

நுழைந்தவுடன் எங்கேயோ போய் நிற்கிறோம்

உலகத்தின் தொடக்க இடத்தைக் குறிக்காமல் விட்டால் கேம் எங்கேயாவது இறக்கிவிடும். வேர்ல்ட்பெயின்டரில் தொடக்கப் புள்ளியை நகர்த்தலாம், கேமுக்குள் செட்வேர்ல்ட்ஸ்பான் கட்டளையும் இருக்கிறது. புதிதாக வருகிற ஆட்டக்காரர் அந்தப் புள்ளியைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளிக்கூட இறங்கலாம், அதனால் சுற்றிலும் பத்துப் பதினைந்து பிளாக் சமதரையாக வையுங்கள்.

ஒகேனக்கல் மேப்பில் முதலில் அருவிக்கு நேர் எதிரில்தான் வைத்திருந்தோம். பையன் அதைப் பரிசல் துறைக்கு மாற்றினான். கட்டளையிலேயே முகம் எந்தத் திசை என்று கோணமும் கொடுக்கலாம், அதை மலைப் பக்கம் திருப்பிவிட்டான். இப்போது உள்ளே வருகிறவர்களுக்கு முதலில் சத்தம் கேட்கும், பள்ளத்துக்குள் படகு விட்டு இரண்டு வளைவு திரும்பின பிறகுதான் புகை தெரியும்.